விம் என்றால் சோப்பு மட்டுமல்ல

விம் என்றதும் உங்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சமையலறைத் தொட்டியும் பாத்திரம் தேய்க்கும் கட்டியும்தான் ஞாபகம் வரும். ரிட்டயர்மென்டுக்குப் பிறகு அந்த டிபார்ட்மென்ட் நம்மில் சிலரிடம் நிரந்தரமாக ஒப்படைக்கப்பட்டிருப்பதாகவும் கேள்வி! நான் எழுதப்போவது அந்த விம்மைப் பற்றி அல்ல. கம்ப்யூட்டரில் எழுத்தைத் தட்டவும் திருத்தவும் உதவும் டெக்ஸ்ட் எடிட்டர் ஒன்று அதே பெயரில் இருக்கிறது. அதை விண்டோஸ் மெஷினில், பைதான், பெர்ல் போன்ற ஸ்கிரிப்ட் மொழிகளையும் உள்ளே சேர்த்து, நாமே கம்பைல் செய்துகொள்வது பற்றிய சரித்திரம் இது. மலரில் இதற்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். நம் சங்கத்தின் 1996-ம் வருஷத்து மலரில் ஒரு முக்கியமான கட்டுரை தொலைந்துபோகாமல் தப்பியது இதனால்தான். அதை வரவேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

கம்பைல் என்ற சொல்லோடு பரிச்சயமில்லாத சிவில், கெமிக்கல் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. மனிதன் எழுதுகிற புரோகிராம் துணி மாதிரி. அதை அளவெடுத்து வெட்டித் தைத்து மெஷின் போட்டுக்கொள்ளும் சட்டையாக்குவது கம்பைலர் என்கிற டெய்லர். நாம் கடையில் வாங்குவதெல்லாம் ரெடிமேட் சட்டை. அதில் பாக்கெட் இல்லையென்றால் இல்லைதான். துணியும் கையில் கிடைத்து, டெய்லரும் பக்கத்தில் இருந்தால், பாக்கெட் வைத்துத் தைத்துக்கொள்ளலாம். விம்மைப் பொறுத்தவரை துணி எல்லோருக்கும் இலவசம். பாக்கெட்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் தாத்தா கதை. யூனிக்ஸின் ஆரம்ப நாட்களில் கென் தாம்சன் எழுதிய ‘எட்’ என்ற எடிட்டர் இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு வரியைத்தான் காட்டும். அதையும் கேட்டால்தான் காட்டும். லண்டன் குவீன் மேரி காலேஜில் இருந்த ஜார்ஜ் குலூரிஸ் இதைச் சகிக்க முடியாமல் 1976-ல் ‘எம்’ என்று ஒன்றைச் செய்தார். சாதாரண மனிதர்களுக்கான எடிட்டர் என்று அர்த்தம். அந்த வருஷம் அவர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, அங்கே மாணவராக இருந்த பில் ஜாய் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாரா மனுஷன்? சக் ஹேலி என்ற நண்பரோடு சேர்ந்து அதைப் பிரித்துப் போட்டுத் திருத்த ஆரம்பித்தார். அது ‘எக்ஸ்’ ஆனது. பிறகு முழுத் திரையில் எழுத்தைக் காட்டும் ‘வி.ஐ.’ ஆனது. வி.ஐ.பி.யில் ‘பி’ மட்டும் இல்லை, அவ்வளவுதான். 1979-ல் வெளிவந்த இரண்டாம் பி.எஸ்.டி. தொகுப்பில் அது ஊருக்குப் பரவியது.

பில் ஜாய் வீட்டிலிருந்து வேலை பார்த்தது 300 பாட் வேக மோடத்தில். வினாடிக்கு ஏறக்குறைய 30 எழுத்து. ஒரு திரைக்கு 24 வரி, வரிக்கு 80 எழுத்து என்றால் 1920 எழுத்து. முழுத் திரையையும் ஒரு தடவை வரைந்து முடிக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும்! அதனால்தான் வி.ஐ.யின் கட்டளைகள் எல்லாம் ஓரெழுத்து, ஈரெழுத்து. கருமித்தனம் இல்லை, அவசியம். அவர் கையில் இருந்த ஏ.டி.எம்-3ஏ டெர்மினலில் அம்புக்குறிக்குத் தனி விசைகள் கிடையாது. ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்பு வரைந்திருந்தது. இன்றைக்கும் விம்மில் விரலை எடுக்காமல் மேலும் கீழும் போக அந்த நான்கு விசைகள்தான். என்றைக்கோ அடக்கமாகிவிட்ட ஒரு மெஷினின் கைரேகை இன்னும் நம் விரலில் ஒட்டியிருக்கிறது.

இவ்வளவு நல்ல எடிட்டர் அப்படியே எல்லா மெஷினுக்கும் போயிருக்கலாமே? அதுதான் இல்லை. வி.ஐ.க்குள் பழைய எட் எடிட்டரின் வரிகள் இருந்தன. எட் ஏ.டி. அண்ட் டி. கம்பெனிச் சொத்து. லைசென்ஸ் இல்லாதவருக்கு சோர்ஸ் கிடையாது. ஆகவே ஆளாளுக்கு அதைப் போலச் செய்யக் கிளம்பினார்கள். டிம் தாம்சன் என்பவர் 1987-ல் அட்டாரி எஸ்.டி. கம்ப்யூட்டருக்காக ‘ஸ்டீவி’ என்று ஒன்றை எழுதி சோர்ஸோடு வெளியிட்டார். அடுத்த வருஷம் டோனி ஆண்ட்ரூஸ் அதை யூனிக்ஸுக்கும் ஓ.எஸ்.2-க்கும் கொண்டுபோனார். வேறொருவர் அமிகாவுக்கு. ஒரு விஷயம் கவனியுங்கள். இந்த வம்சத்தில் ஒவ்வொருவரும் தன் கையில் என்ன மெஷின் இருந்ததோ, அதற்காகத்தான் மற்றவர் துணியை வாங்கி மறுபடி தைத்தார்கள்.

அமிகா கையில் இருந்தவர் நெதர்லாந்துக்காரர் பிராம் மூலனார். டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிகல் படித்த, நம்மைப் போன்ற இன்ஜினீயர். யூனிக்ஸில் வி.ஐ. பழகிய கை அமிகாவில் பரபரத்தது. 1988-ல் ஸ்டீவியை எடுத்து வைத்துக்கொண்டு திருத்த உட்கார்ந்தார். 1991 நவம்பர் 2-ம் தேதி அது முதல் முறையாக வெளியே போனது. எப்படித் தெரியுமா? ஃப்ளாப்பியில்! ஃபிரெட் ஃபிஷ் என்ற அமெரிக்கர் அமிகாவுக்கான இலவச புரோகிராம்களைத் திரட்டி நம்பர் போட்ட ஃப்ளாப்பிகளாக விநியோகம் செய்துகொண்டிருந்தார். அதில் 591-வது ஃப்ளாப்பியில் விம் இருந்தது. அப்போது வி.ஐ.யின் நகல் என்ற பொருளில் விம். யூனிக்ஸுக்கும் வந்து, வசதிகள் பெருகிய பிறகு, மேம்பட்ட வி.ஐ. என்ற பொருளில் அதே விம். இனிஷியல் மாறவில்லை, பொருள் மட்டும் பிரமோஷன் வாங்கிவிட்டது.

இந்த மூலனார் 1994-ல் உகாண்டாவின் கிபாலே என்ற ஊருக்குத் தண்ணீர், சுகாதார வேலைகளுக்கான இன்ஜினீயராகத் தொண்டு செய்யப் போனவர். ஒரு வருஷம் இருந்தார். அந்த ஊர்க் குழந்தைகளை மறக்க முடியாமல், விம்மைப் பயன்படுத்துவோர் முடிந்ததை அவர்களுக்குக் கொடுங்கள் என்று புரோகிராமின் முகப்பிலேயே எழுதிவைத்தார். பணம் கட்டாவிட்டால் வேலை செய்யாது என்ற மிரட்டல் எதுவும் கிடையாது.

விண்டோஸுக்கு விம்மைக் கொண்டுவந்தது மூலனார் மட்டும் அல்ல. விண்டோஸ் என்.டி.க்கு முதலில் கொண்டுபோனவர் ரோஜர் நாபி. ஜன்னலும் மெனுவுமாக விண்டோஸ் தோற்றத்துக்கு அடிப்போட்டவர் ஜார்ஜ் ரைலி. அந்த ஜன்னல் வடிவம் 1998 பிப்ரவரியில் வந்த ஐந்தாம் பதிப்பில் சேர்ந்தது. நமக்கு வேண்டிய பாக்கெட்டும் அதே பதிப்பில்தான் வந்தது.

ஐந்தாம் பதிப்பில் விம்முக்கு என்று சொந்தமாக ஒரு ஸ்கிரிப்ட் மொழி கிடைத்தது. கூடவே வெளியாட்கள் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். பெர்ல், பைதான். பெர்லை ஸ்வென் வெர்டூலேகும் பைதானைப் பால் மூரும் எழுதிச் சேர்த்தார்கள். பிற்பாடு டி.சி.எல். வந்தது, ஜப்பானியர் ஷூகோ மேடா ரூபியைக் கொண்டுவந்தார். 2010 ஆகஸ்டில் வந்த 7.3 பதிப்பில் பிரேஸிலில் பிறந்த லுவாவும் பைதான் 3-ம் சேர்ந்தன. ஒரு கல்யாண வீட்டுக்கு இத்தனை தேசத்துச் சம்பந்திகளா என்று தோன்றும். விம்மின் சொந்த மொழி அப்போது ரொம்ப ஏழை. பட்டியல், அகராதி போன்ற தரவு அமைப்புகள் அதில் வந்ததே 2006-ல் ஏழாம் பதிப்பில்தான். ‘இந்த எழுத்துக்கு அந்த எழுத்து’ என்று ஒரு மாற்று அட்டவணை வைத்துக்கொள்ளக்கூட அதற்கு முன்னால் சுற்றி வளைக்கணும். பைதானில் அது ஒரு வரி.

சரி, இந்தச் சம்பந்திகளை எல்லாம் மூலனாரே ரெடிமேடாகச் சேர்த்துக் கொடுத்துவிடலாமே? இங்கேதான் விண்டோஸின் சூட்சுமம் வருகிறது.

விண்டோஸில் பைதானின் சரக்கு முழுவதும் ஒரு டி.எல்.எல். ஃபைலில் இருக்கும். பைதான் 2.3 என்றால் பைதான்23 டி.எல்.எல்., 2.4 என்றால் பைதான்24. பெயரிலேயே பதிப்பு. விம்மை அதோடு நேராக இணைத்துக் கம்பைல் செய்தால், அந்த டி.எல்.எல். இல்லாத மெஷினில் விம் திறக்கவே திறக்காது. ஒரு வரி கடிதம் எழுத உட்கார்ந்தவனிடம் ‘பைதான் எங்கே?’ என்று வாசலிலேயே மறித்தால் எப்படி இருக்கும்? இதற்காக ‘டைனமிக்’ என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். விம் திறக்கும்போது பைதானைத் தேடாது. நீங்கள் முதல் பைதான் கட்டளையைக் கொடுக்கும் நிமிஷத்தில்தான் விண்டோஸிடம் ‘இந்த டி.எல்.எல்.லை ஏற்று’ என்று கேட்கும். ஏற்றியதும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனின் விலாசத்தையும் பெயர் சொல்லிக் கேட்டுக் குறித்துக்கொள்ளும். சோர்ஸில் பார்த்தால் அழகான வேலை. பைதானின் ஃபங்ஷன் பெயர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘டி.எல்.எல்.’ என்று ஒட்டிய ஒரு பினாமிப் பெயரை வைத்து, மற்ற வரிகளைத் தொடாமலே எல்லா அழைப்பையும் பினாமிக்குத் திருப்பிவிட்டிருப்பார்கள். ஹாஸ்டலில் அட்டென்டன்ஸ் எடுக்கும்போது நாம் செய்ததேதான்.

ஆனால் டைனமிக் என்றாலும் எந்தப் பதிப்பு என்பதைக் கம்பைல் செய்யும்போதே சொல்லியாக வேண்டும். 23 என்று சொல்லித் தைத்த விம், உங்கள் மெஷினில் இருக்கும் 24-ஐக் கண்ணெடுத்தும் பார்க்காது. மன்னிக்கவும், பைதான் லைப்ரரியை ஏற்ற முடியவில்லை என்று சிவப்பில் ஒரு வரி எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடும். ‘வெர்ஷன்’ என்ற கட்டளை கொடுத்தால் எது உண்டு, எது இல்லை என்று பிளஸ், மைனஸ் போட்டு ஒரு பெரிய பட்டியல் வரும். அதில் பைதானுக்கு முன்னால் பிளஸ் இருந்தும் வேலை செய்யாமல் போவது இதனால்தான். பிளஸ் என்றால் பாக்கெட் இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். பாக்கெட்டில் பணம் இருப்பதாக அர்த்தம் இல்லை.

எனக்கு இது 2005-ல் வந்து வாய்த்தது. அந்த வருஷம் நடந்த சந்திப்புக்காக, 1996 மலரிலிருந்து ஒரு கட்டுரையை மறுபடி வெளியிடச் சங்கம் விரும்பியது. நம் மெஷின் டிராயிங் சார் எழுதியது. நம் காலேஜ் ஒர்க்‌ஷாப்பின் முதல் லேத் எந்த ஊரிலிருந்து எப்படி வந்தது, எந்தெந்த பேட்ச் மாணவர்கள் அதை இறக்கிவைத்தார்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்கும். அதைச் சொல்ல அவரை விட்டால் ஆள் கிடையாது. அவர் 2001-ல் காலமாகிவிட்டார். சங்கத்தில் இருந்த மலர்ப் பிரதியை நடுவில் கரையான் தின்றிருந்தது. நண்பர்களிடம் விசாரித்தால், ‘இருக்கும்ப்பா, ஊர்ல அம்மா வீட்டுப் பரண்ல இருக்கும்’ என்பதே எல்லோருடைய பதிலும். கடைசியில் அச்சுக்குக் கொடுத்த டி.டி.பி. சென்டரின் ஃப்ளாப்பி ஒன்று கிடைத்தது. பதினான்கு பக்கக் கட்டுரை முழுசாக அதில் இருந்தது.

திறந்தால் பிரெஞ்சு எழுத்தும் பவுண்டு குறியும் கலந்த கூட்டாஞ்சோறு! அந்தக் காலத்தில் தமிழ் ஃபான்ட் என்றால் ஆளுக்கொரு சட்டம். ஆங்கிலத்துக்கு மேல் இருக்கும் இடங்களில் அவரவர் இஷ்டத்துக்குத் தமிழைக் குடியேற்றியிருந்தார்கள். அரசு தரப்படுத்திய டாம், டாப் எழுத்துக் குறிமுறைகளே 1999-ல்தான் வந்தன. அந்த ஃபான்ட் யாரிடமும் இல்லை. ஆகவே ஒவ்வொரு குறியும் எந்தத் தமிழ் எழுத்து என்று, கரையான் மிச்சம் வைத்த பக்கங்களோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்து, யூனிகோடுக்கு மாற்றணும்.

அட்டவணை மட்டும் போதாது. பழைய ஃபான்டில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் எழுத்து இருக்கும். ‘கொ’ என்றால் முதலில் ஒற்றைக் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடில் முதலில் க, அதன் பின்னால்தான் ஒகரக் குறி. கொம்பைத் தூக்கி எழுத்துக்குப் பின்னால் வைத்து, காலையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். அதைவிடத் தொல்லை ஔகாரம். ‘கௌரவம்’ என்பதில் உள்ள கௌ, கொம்பு, க, ள என்று மூன்று துண்டாக இருக்கும். ‘வெளறிய’ என்ற சொல்லும் அதே மாதிரிதான் கொம்பு, வ, ள என்று இருக்கும். எது ஔகாரம், எது ளகரம் என்று புரோகிராமுக்கு எப்படித் தெரியும்? தமிழ் படித்த கண் வேண்டும். போதாக்குறைக்கு சார் பக்கத்துக்குப் பத்து ஆங்கில வார்த்தை எழுதுகிறவர். லேத், டெயில்ஸ்டாக், மைக்ரோமீட்டர் எல்லாம் ஆங்கில எழுத்திலேயே. ஃபான்ட் விவரம் இல்லாத வெறும் ஃபைலில் சில குறிகள் தமிழா ஆங்கிலமா என்று சொல்ல முடியாது.

ஆக, ஃபைலை மொத்தமாக மெஷினில் கொடுத்து அரைத்து வாங்குகிற வேலை இல்லை இது. கண்ணால் பார்த்து, கை காட்டுகிற நான்கு வரிக்கு மட்டும் மாற்றம் நடக்கணும்; தப்பாக வந்தால் அடுத்த விசையில் பழைய நிலைக்குத் திரும்பணும். எடிட்டருக்குள்ளேயே ஸ்கிரிப்ட் மொழி இருப்பதன் அருமை இங்கேதான். விம்மில் வரிகளைத் தேர்ந்தெடுத்து ஒரு கட்டளை கொடுத்தால், அந்த வரிகள் பைதானுக்கு ஒரு சாதாரணப் பட்டியலாகப் போய்ச் சேரும். அது திருத்தினால் திரையில் திருத்தமாகிவிடும். விம்மின் அன்டூவும் அதற்கு வேலை செய்யும்.

அப்போது நான் வேலை பார்த்த கம்பெனியின் மெஷினில் பைதான் 2.4 இருந்தது. என் விம் தேடியதோ பழைய பதிப்பை. பழைய பைதானையும் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டால், ‘ஒரு மெஷினுக்கு ஒன்றுதான், ரூல்’ என்று கையை விரித்துவிட்டார்கள். ஆனால் விஷுவல் சி++ 6 என்கிற மைக்ரோசாஃப்ட் டெய்லர் அந்த மெஷினிலேயே இருந்தார். சோர்ஸ் இன்டர்நெட்டில் இருந்தது. பிறகென்ன?

விம்மின் சோர்ஸ் டைரக்டரியில் பி.சி.க்கான இன்ஸ்டால் குறிப்பு என்று ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைல் உண்டு. ஒரு நல்ல லேப் மேனுவலுக்கு உதாரணம் கேட்டால் அதைத்தான் சொல்வேன். மைக்ரோசாஃப்ட் கம்பைலர், போர்லண்ட், மிங்டபிள்யூ, சிக்வின் என்று உங்களிடம் எந்த டெய்லர் இருந்தாலும் அவருக்கென்று அப்போது தனித்தனி மேக் ஃபைல் இருந்தது. எதையும் வாங்கச் சொல்லவில்லை. இருப்பதை வைத்துப் பண்ணு என்கிறது. கறுப்பு ஜன்னலைத் திறந்து, கம்பைலரின் பாதைகளை அமைக்கும் பேட்ச் ஃபைலை ஓட்டிவிட்டு, என்மேக் கட்டளையில் நாலு விஷயம் சொல்லணும். ஜன்னல் வடிவம் வேண்டும். பைதான் இந்த டைரக்டரியில் இருக்கிறது. டைனமிக்காக இருக்கட்டும். பதிப்பு 24. அவ்வளவே. சில நிமிஷங்கள் ஃபைல் பெயர்கள் வரிசையாக ஓடும். கடைசியில் ஜிவிம் என்ற ஒற்றை இ.எக்ஸ்.இ. மழைக்குப் பின் காளான் மாதிரி டைரக்டரியில் உட்கார்ந்திருக்கும். அதை எங்கே வைத்தாலும் ஓடும், இன்ஸ்டால் செய்ய யாரிடமும் அனுமதி வேண்டாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. என் விம்மைத் தைத்தது விஷுவல் சி++ 6. பைதான் 2.4-ஐ அதன் ஆட்கள் தைத்தது விஷுவல் ஸ்டுடியோ 2003-ல். இரண்டுக்கும் அடியில் ஓடுகிற சி ரன்டைம் லைப்ரரி வேறு வேறு. ஏ பிளாக் மெஸ் டோக்கனை பி பிளாக் மெஸ்ஸில் நீட்டினால் என்ன ஆகும்? அதே கதை. விம் திறந்த ஃபைலின் அடையாளச் சீட்டைப் பைதானிடம் கொடுத்தால், அந்த நம்பர் அதன் கணக்குப் புத்தகத்தில் இருக்காது. புரோகிராம் அப்படியே விழுந்துவிடும். இது எழுதியவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஒரு பைதான் ஃபைலை ஓட்டு என்று சொன்னால் விம் அந்த ஃபைலைத் தானே திறந்து கொடுப்பதில்லை. பெயரை மட்டும் ஒரு வாக்கியத்தில் வைத்துப் பைதானிடம் நீட்டி, ‘நீயே திறந்து படிச்சுக்கோ’ என்கிறது. அந்த இடத்தில் சோர்ஸில் ஒரு குறிப்பு இருக்கிறது. வேறு வழியில்லை, விண்டோஸில் இரண்டும் பொருந்தாது என்று விளக்கிவிட்டு, கடைசியில் ‘சே!’ என்கிற மாதிரி ஒரு சொல். முகம் தெரியாத ஒருவர் நமக்கு முன்னால் அதே சேற்றில் காலை வைத்துவிட்டு, கல்லைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அந்தக் குறிப்பைப் படித்தபோது சாருடைய டிராயிங் ஷீட்டின் ஓரத்துப் பென்சில் குறிப்புகள்தான் ஞாபகம் வந்தன.

ரூபிக்காரர்கள் இந்த விஷயத்தில் இன்னும் கறார். எங்கள் ரூபி எந்தக் கம்பைலரில் தைக்கப்பட்டதோ அதே நம்பர் கம்பைலர் இல்லையென்றால் மேலே போகாதே என்று அவர்களின் ஹெடர் ஃபைலிலேயே ஒரு தடை வைத்திருந்தார்கள். அந்த வரியை நீக்கிவிட்டுப் போகும் வழியை விம்மின் இன்ஸ்டால் குறிப்பே சொல்லிக்கொடுத்தது!

பைதான் கிடைத்த பிறகு இரண்டு வாரம், சாயங்காலங்களில், சாருடைய பதினான்கு பக்கமும் நாலைந்து வரியாகத் தமிழுக்குத் திரும்பியது. கட்டம் கட்டமாக எழுத்தை நிறுத்துகிற விம்மின் ஜன்னலில் தமிழ் அழகாகத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொம்பும் புள்ளியும் தள்ளித் தள்ளி நிற்கும். சரிபார்க்க ஃபைலை சேமித்து நோட்பேடில் திறப்பேன். கரையான் தின்ற பக்கத்தில்தான் லேத்தை இறக்கிய மாணவர்களின் பெயர்கள் இருந்தன. பதினொரு பெயர். அதில் மூன்று பேர் அந்த 2005 சந்திப்புக்கு வந்திருந்தார்கள். தங்கள் பெயர் அச்சில் வந்திருந்ததே அவர்களுக்கு அதுவரை தெரியாது.

அதற்குப் பிறகு இந்த டெய்லர் வேலை சுலபமாகவும் ஆயிற்று, வேறு விதத்தில் சிக்கலாகவும் ஆயிற்று. சுலபம், மைக்ரோசாஃப்டே 2005 பதிப்பிலிருந்து எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் சி++ கம்பைலரை இலவசமாகக் கொடுத்தது. சிக்கல், 64 பிட் மெஷின்கள். 64 பிட் புரோகிராம் 32 பிட் டி.எல்.எல்.லை ஏற்றவே ஏற்றாது. பதிப்பும் சரி, டி.எல்.எல். இருக்கிற இடமும் சரி, ஆனாலும் ஏற்ற முடியவில்லை என்று விம் சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது இரண்டும் ஒரே ஜாதியா என்பதைத்தான். 2013 வாக்கில் நியோகம்ப்ளீட் என்றொரு துணைப் புரோகிராம் வந்தது. பாதி வார்த்தை தட்டினால் மீதியை அதுவே எடுத்துக்கொடுக்கும். அது லுவா சேர்த்த விம்மில் மட்டுமே ஓடும். அதுவரை கம்பைலர் பக்கம் தலைவைத்துப் படுக்காத பல பேர் என்மேக் கற்றுக்கொண்டது அந்த நாட்களில்தான்.

பைதான் 2-ன் ஆயுள் 2020 ஜனவரி 1-ம் தேதியோடு முடிந்தது. பைதான் 3-லோ வருஷத்துக்கொரு பதிப்பு. ஒவ்வொரு பதிப்புக்கும் டி.எல்.எல். பெயர் மாறும், ரெடிமேட் விம் மறுபடி கைவிரிக்கும். இதற்கொரு தீர்வு இருந்தது. பைதான்காரர்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறாத ஒரு நிலையான இணைப்பு முறையை ஏற்கெனவே வைத்திருந்தார்கள். விம் அதைப் பயன்படுத்தவில்லை.

2023 ஆகஸ்ட் 3-ம் தேதி பிராம் மூலனார் காலமானார். வயது 62. முப்பது வருஷத்துக்கு மேலாக விம்மில் சேரும் ஒவ்வொரு திருத்தமும் அவர் கை வழியாகத்தான் போகும். யார் எழுதினாலும் அவர் பார்த்து, அவர் நம்பர் போட்டு, அவரே சேர்ப்பார். அப்படிப்பட்டவர் போனால் என்ன ஆகும் என்று விம் பழகிய எல்லோருக்கும் ஒரு கலக்கம் இருந்தது. எனக்கும் இருந்தது. ஆனால் சோர்ஸ் அங்கேயே இருந்தது. மேக் ஃபைல்கள் இருந்தன. இன்ஸ்டால் குறிப்பு இருந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த கிறிஸ்டியன் பிராபண்ட் பொறுப்பை ஏற்றார். அதே மாதத்தில், பைதான் 3-ன் நிலையான இணைப்பு முறையை விம் ஏற்கும் திருத்தம் 1776 என்ற நம்பரோடு சேர்ந்தது. அப்படித் தைத்த விம்முக்கு ஒவ்வொரு பைதான் பதிப்புக்கும் தனி அளவு வேண்டியதில்லை. 2024 ஜனவரி 2-ம் தேதி வந்த 9.1 பதிப்பை மூலனாருக்கே சமர்ப்பணம் செய்தார்கள். 64 பிட் ரெடிமேட் பிரதியையும், ஸ்கிரிப்ட் மொழிகளுக்கான பாக்கெட்டுகள் வைத்து, விம் குழுவினரே விண்டோஸுக்கு வெளியிடுகிறார்கள்.

என் 2005 ஸ்கிரிப்ட் பைதான் 2-க்கு எழுதியது. பிரின்ட் வரிகளுக்கு அடைப்புக்குறி போட்டு, எழுத்துக் குறிமுறை வரிகளைச் சற்று மாற்றினேன். இப்போதும் ஓடுகிறது. மாற்று அட்டவணை நம் 1996 மலரின் ஃபான்டுக்கு உரியது. அதே டி.டி.பி. சென்டரில் அதற்கு முன்னும் பின்னும் நம்மவர்கள் அச்சடித்த மலர்கள் உண்டு. துறை விழா மலர்கள், ஹாஸ்டல் டே மலர்கள் எல்லாம். அவற்றின் ஃப்ளாப்பியோ சி.டி.யோ யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பெயரும் பேட்ச்சும் எழுதிய கவரில் வைத்து, சந்திப்பு நாளில் பதிவு மேஜையில் கொடுங்கள். ஃப்ளாப்பி டிரைவ் என்னிடம் ஒன்று இன்னும் வேலை செய்கிறது.